மஞ்சள் நீக்கக் குழு

ராயபுரத்தில் மெஹ்னாஸ் குடியிருந்த மாடி அறைக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்ததைப் பற்றித் தெருவில் பல கருத்துகள் இருந்தன. அம்மா மௌத்தான துக்கத்தில் அடித்தது என்றார் கீழ்வீட்டுக்காரர். மீந்துபோன பெயிண்டை எவனோ தலையில் கட்டிவிட்டான் என்றாள் எதிர்வீட்டு ஜெரினா. உண்மையில் அது அவள் தொழிலுக்கு வேண்டிய நிறம். கல்யாண வீடியோக்களில் நிறத்தைச் சரிசெய்வது அவள் வேலை. சுவர் பச்சையாக இருந்தால் கண் பச்சைக்குப் பழகிவிடும். அப்புறம் திரையில் மணப்பெண்ணே பச்சையாக வந்து நின்றாலும் தெரியாது. அதனால் சாம்பல் சுவர், சாம்பல் திரைச்சீலை, வேலை நேரத்தில் சாம்பல் சுடிதார். பதினோரு வருஷமாக அதற்குள் உட்கார்ந்து, தன்னைக் கூப்பிடாத கல்யாணங்களில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களை மனித முகமாக ஆக்கிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தொன்பது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான்.

ஒருநாள் காலையில் தண்டையார்பேட்டை வீடியோக்காரர் ஜெகதீசன் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார். கையில் ஹார்ட் டிஸ்க்.

"தங்கச்சி, பெரிய எடத்து வேலை ஒண்ணு வந்துகீது. வாரியத்துக்கு இருவத்தஞ்சு வருசமாம். படம் புடிச்சாச்சு. கலரை மட்டும் நீ பாத்துக்க."

"எந்த வாரியம்ணே?"

"காத்து வாரியம்."

வடகரைக் காற்று நல்வாழ்வு வாரியம் என்பது அதன் முழுப்பெயர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் மணலி வரைக்கும் மக்கள் நல்ல காற்றைச் சுவாசிக்கிறார்களா என்று கவனிப்பது அதன் கடமை. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கவனித்துவந்தது.

படம் ஐந்து கேமராக்களில் எடுக்கப்பட்டிருந்தது. ஜெகதீசனுடைய கேமரா கல்யாண மண்டப விளக்குக்கு வைத்த அமைப்பிலேயே வெளியே போய்விட்டதால், எல்லாம் ஐஸ் கட்டிக்குள் நடப்பதுபோல நீலமாக இருந்தது. இணை இயக்குநர் தன் செல்போனில் எடுத்தது பச்சையடித்தது. வாரியத்தின் பழைய கைக்கேமராவில் எல்லாரும் ரோஸ். வானத்தில் பறந்து எடுத்த டிரோனுக்குக் கண்டதெல்லாம் ஆரஞ்சு மிட்டாய். கம்பத்தின் உச்சியில் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமரா உலகத்தை ஒரு டம்ளர் டீ வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தையும் ஒன்றுபோல ஆக்க வேண்டும்.

அதற்கு ஒவ்வொரு காட்சியிலும் வெள்ளையான பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இது வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால், கேமரா அதன்மேல் என்ன சாயம் பூசியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை மட்டும் எடுத்துவிடலாம். மெஹ்னாஸ் வெள்ளை தேடினாள். ஒரு கன்னியாஸ்திரியின் அங்கி. கழிமுகத்தில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு. மீன் பெட்டியில் ஐஸ். அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைகள் மட்டும் உதவவில்லை. அவற்றில் சொட்டு நீலம் அதிகம். அவற்றை நம்பினால் ஊர் முழுக்க நிறம் மாறியது.

பத்து நாளில் ஐந்து கேமராக்களும் ஒத்துப்போயின. பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. எண்ணூர்க் காட்சிகளில் கிட்டத்தில் இருக்கும் ஐஸ் வெள்ளையாக இருந்தது. அதற்குப் பின்னால் நூறடியில் ஒரு மஞ்சள் தொடங்கியது. படகுகளுக்கு அப்பால் இன்னும் கொஞ்சம். புகைபோக்கிகளை எட்டும்போது கெட்டி மஞ்சள். கேமராவின் கோளாறாக இருந்தால் கிட்டத்திலும் தூரத்திலும் ஒரே அளவு இருக்கும். இது தூரத்தோடு கூடிக்கொண்டே போனது. அதுவரை ஆளுக்கொரு நிறம் சொல்லிக்கொண்டிருந்த ஐந்து கேமராக்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே வார்த்தையாக நின்றன.

வாரியம் யானைக்கவுனியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. காற்று வந்து கோப்புகளைக் கலைக்கிறது என்று சன்னல்களை நிரந்தரமாக அடைத்திருந்தார்கள். உறுப்பினர் செயலர் தாமோதரன் படத்தை முழுவதும் பார்த்தார்.

"மஞ்சளாக இருக்கிறதே."

"ஆமா சார்."

"சரிசெய்யத்தானே உங்களிடம் கொடுத்தோம்?"

"கேமராவோட கோளாறெல்லாம் எடுத்துட்டேன் சார். இது காத்துல இருக்கு."

அறையில் இருந்த ஏழு பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். காற்றைப் பற்றி அந்த அறையில் இப்படி நேராக யாரும் பேசியதில்லை.

அன்று மாலையே மஞ்சள் நீக்கக் குழு அமைக்கப்பட்டது. அதன் முதல் கூட்டத்தில் மஞ்சள் என்றால் என்ன என்று விவாதித்தார்கள். சட்ட அலுவலர், "எழுத்தில் மஞ்சள் என்று குறிப்பிடும் வரை அது மஞ்சள் அல்ல. இளவெயில் நிறம் என்று வைத்துக்கொள்வோம்" என்றார். இரண்டாவது கூட்டத்தில் இளவெயில் நிறத்தை எப்படி நீக்குவது என்று விவாதித்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மெஹ்னாஸை அழைத்து ஒரு படிவம் கொடுத்தார்கள். பிழைக்குக் காரணம்: அ. கேமரா, ஆ. கணினி, இ. பணியாளர். மூன்றில் ஒன்றில் குறியிட வேண்டும். அவள் கீழே காலியிடத்தில் 'காற்று' என்று எழுதினாள். 'படிவத்தில் இல்லாத விவரம்' என்று திரும்பி வந்தது.

அவள் குறியிடாததால் குழுவே இ என்று முடிவு செய்து, அவளைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. டாக்டர் அம்மா நிறப்புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மெஹ்னாஸ் ஒன்றுகூட விடவில்லை. "இவ்வளவு நல்ல கண்ணை நான் பார்த்ததில்லை. யார் அனுப்பினாங்க?" என்றாள் டாக்டர். சான்றிதழைக் குழு பதிவு செய்தது: பணியாளரின் கண்கள் தேவைக்கு அதிகமாக வேலை செய்கின்றன.

இணை இயக்குநர் ரவிக்குமாருக்கு வேறொரு மனக்குறை இருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு வட்டமும் அதில் ஒரு சாய்கோடும் இருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். எந்த நிறத்து மனுஷராக இருந்தாலும் தோலுக்கடியில் ஓடுவது ஒரே ரத்தம்தான், அதனால் எல்லாருடைய முகமும் அந்தக் கோட்டில்தான் வந்து விழும், முகம் சரியா என்று பார்க்க அதுதான் அளவு என்று அவள் விளக்கினாள்.

"என் முகமும்?"

"உங்க முகமும்தான் சார்."

"அந்த மீன்காரம்மா முகமும்?" என்று திரையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார்.

"அதே கோடுதான்."

அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். "அலுவலர்களுக்குத் தனிக்கோடு போட முடியாதா? பதவிக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா" என்றார். முடியாது என்றதும், தன் ஆட்சேபணையைக் குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

கடைசியில் எழுத்தில் உத்தரவு வந்தது. இளவெயில் நிறம் முற்றிலும் நீக்கப்பட்டு, வானம் இணைப்பில் கண்ட நீலத்தில் இருக்க வேண்டும். இணைப்பில் ஒரு குளியல் சோப்பின் அட்டை ஒட்டப்பட்டிருந்தது.

மெஹ்னாஸ் முதலில் வானத்தை மட்டும் மாற்றிப் பார்த்தாள். ஒட்டுப்போட்டதுபோல இருந்தது. மஞ்சள் வானத்தில் மட்டும் இல்லை. படகுக்கும் படகுக்கும் நடுவில் இருந்தது, ஆட்களின் காதுக்குப் பின்னால் இருந்தது. வேறு வழியில்லாமல் படம் முழுவதையும் நீலத்துக்குத் தள்ளினாள். வானம் சோப்பு அட்டையானது. முன்னால் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவின் முகம் பிணமானது.

அந்த அம்மா படத்தில் நாற்பது விநாடி வருவாள். கையில் மீன் வெட்டும் கத்தி, இடது புருவத்தில் பழைய வெட்டுத்தழும்பு. கேமராவைப் பார்த்து ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று மெஹ்னாஸுக்குத் தெரியாது. ஒலி தனிப்பிரிவு என்று வாரியம் சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் படத்தைக் கொடுத்திருந்தது. பெயரும் தெரியாது. ஆனால் ஒரு மாதமாக அந்த அறைக்குள் அவளைப் பார்த்துப் பேசிய முகம் அது ஒன்றுதான். செத்த முகமாக அதை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

விநாடிக்கு இருபத்தைந்து படம், நாற்பது விநாடி என்றால் ஆயிரம் படங்கள். ஒவ்வொன்றிலும் முகத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, கோட்டுக்குள்ளே மட்டும் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கன்னத்துக்கு ஒரு கோடு, கழுத்துக்கு ஒரு கோடு, தலையைத் திருப்பும்போது காதுக்கு ஒரு கோடு. மூன்று நாள் ஆனது. இரண்டாவது நாள் பதில் பேச ஆரம்பித்திருந்தாள். உதடு விரியும் இடத்தில், மகளுக்குக் கல்யாணம் கூடிவந்ததைத்தான் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு, "மாப்ள என்னக்கா பண்றாரு?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தான் என்று உணர்ந்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

வெள்ளிவிழா திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. படம் ஓடி முடிந்ததும் தாமோதரன் மைக்கைப் பிடித்தார்.

"இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த வானம் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் பதிவு இல்லை. இன்று பதிவு இருக்கிறது. அது நீலமாக இருக்கிறது. வாரியம் காற்றைச் சுத்தம் செய்யவில்லை என்று சிலர் குறை கூறுகிறார்கள். காற்று கண்ணுக்குத் தெரியாதது. தெரியாத ஒன்றைச் சுத்தம் செய்து யாருக்கு என்ன பயன்? தெரிவதைச் சுத்தம் செய்திருக்கிறோம். குறைந்த ஆட்களை வைத்து, ஒரே அறையில், ஒரே மாதத்தில்."

மண்டபம் கைதட்டியது. பாதிப்பேர் இருமினார்கள். கூட்டக் குறிப்பில் இரண்டும் சேர்த்துக் கைதட்டல் என்று எழுதப்பட்டது.

மெஹ்னாஸுக்குச் சால்வை போர்த்தி, வாரியத்தின் அங்கீகரிக்கப்பட்ட வண்ண அலுவலர் என்று ஒரு ஆணையும் ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்தார்கள். நிறத்தைப் பொறுத்தவரை அவள் முடிவே இறுதியானது என்று ஆணையில் இருந்தது. அவள் நாற்காலி வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தில் தழும்புள்ள முகம் எதிலும் இல்லை.

மறுவாரம் வாரியம் அவள் செய்த திருத்தத்தைக் கேட்டு வாங்கிக் கம்பத்துக் கேமராக்களில் ஏற்றியது. அன்று முதல் வாரியத்தின் திரையில் வடசென்னைக்கு எப்போதும் நீல வானம். ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது, நீல வானத்திலிருந்து மழை கொட்டியது. காலாண்டு அறிக்கையில் அதை ஒரு சாதனையாகச் சேர்த்தார்கள்.

மெஹ்னாஸ் கல்யாண வீடியோக்களுக்குத் திரும்பினாள். ஆயிரம் தடவை கோடு வரைந்த முகம் கையை விட்டுப் போகவில்லை. ஜெகதீசனுக்குப் போன் செய்தாள்.

"அந்த அம்மாவா? எண்ணூர்ல முகத்துவாரம் போற ரோட்டுல மீனு வெச்சிகினு இருக்கும். பேரு அங்கம்மா. இன்னாத்துக்கு கேக்குற?"

"சும்மாதாண்ணே."

ராயபுரத்தில் ரயில் ஏறி எண்ணூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். தார்ப்பாய் நிழலில் அதே முகம், அதே கத்தி. பக்கவாட்டில் பார்த்தால் காது எப்படி இருக்கும் என்றுகூட மெஹ்னாஸுக்குத் தெரியும். அங்கம்மாவுக்கு இவளை யாரென்று தெரியாது.

"இன்னாமே, மீனு வோணுமா? சும்மா பாத்துகினு நிக்கிற?"

"கால் கிலோ சங்கரா கொடுங்கக்கா."

"கால் கிலோவா? வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

அங்கம்மா தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் தராசை எடுத்தாள். மெஹ்னாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அன்னிக்கு வீடியோ எடுக்க வந்தாங்கல்ல, என்னக்கா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"இன்னா சொல்லுவேன்? எங்க வூட்டுக்காரரு படுத்தா மூச்சு முட்டிக்கும்மா. செவுத்துல சாஞ்சி குந்திகினேதான் தூங்கறாரு. கடலுக்குப் போயி ரெண்டு வருசம் ஆவுது. இந்தப் பொகையை இன்னான்னு கேளுங்கய்யான்னு சொன்னேன். அப்பால மனுவும் எழுதிப் போட்டேன். பதிலு வந்துகீது பாரு."

தராசுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் ஒரு கடிதம் இருந்தது. மெஹ்னாஸ் வாங்கிப் படித்தாள். 'மனுதாரர் தெளிந்த நீல வானத்தின் கீழ் ஆரோக்கியமான முகப்பொலிவுடன் இருப்பது இணைப்பில் கண்ட படத்தால் உறுதியாவதால், மனு முடித்துவைக்கப்படுகிறது.' இணைப்பில் அங்கம்மா. கன்னத்தில் ரத்தம் ஓடியது.

"போட்டோல நல்லாத்தான் கீறேன். எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு, இம்மாம் நல்லா கீறியேடின்னாரு."

"அக்கா, அந்த நிறம் நான் போட்டது."

அங்கம்மாவுக்குப் புரியவில்லை. மெஹ்னாஸ் சொன்னாள், முதலிலிருந்து, எதையும் விடாமல். மஞ்சள் எங்கே தொடங்கியது, யார் எடுக்கச் சொன்னார்கள், முகம் எப்படி ஆனது, கோடு எப்படி வரைந்தாள். சொல்லச் சொல்ல, மூன்று நாள் தான் பாசமாகச் செய்த வேலைதான் இந்த மனுவை மூடியிருக்கிறது என்பது அவளுக்கே உறைத்தது.

"அப்ப வாரியம் இல்ல. நீதான் மூடிகீற."

"ஆமாக்கா."

அங்கம்மா மீன்மேல் தண்ணீர் தெளித்தாள். அதற்குப் பிறகு நிமிரவில்லை. "மீனை எடுத்துகினு போ" என்றாள்.

வீட்டுக்கு வந்த மெஹ்னாஸ் அன்றைக்குச் சமைக்கவில்லை. நீலத்துக்குத் தள்ளுவதற்கு முந்தைய படங்கள் அவளிடம் பத்திரமாக இருந்தன. ஐந்து கேமராவுக்கு ஒன்றாக ஐந்து படங்களை அச்செடுத்துக்கொண்டு, மறுநாள் திரும்ப எண்ணூர் போனாள். புது மனு எழுதிக் கொடுத்தாள். அங்கம்மா ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பத்தொன்பதாவது நாள் மெஹ்னாஸ் வீட்டுக்குப் பதிவுத்தபால் வந்தது. உள்ளே அதே மனு, அதே ஐந்து படங்கள், மேலே ஒரு குறிப்பு: 'மனுவுடன் இணைக்கப்பட்ட படங்களில் இளவெயில் நிறம் காணப்படுவதால், உரிய திருத்தம் செய்து ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்புமாறு அங்கீகரிக்கப்பட்ட வண்ண அலுவலர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில், 'ஐந்து கேமராக்களும் ஒத்துப்போகின்றன. படங்களில் பிழை இல்லை. திருத்தம் தேவையில்லை' என்று எழுதி, ஸ்டாம்பு குத்தி, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தாமோதரன் வருத்தத்தோடு பார்த்தார். "நீங்கள் வெறும் ஆளாக இதைச் சொல்லியிருக்கலாம் அம்மா. யாரும் கேட்டிருக்க மாட்டோம். அலுவலராகச் சொன்னால் அது பதிவாகிவிடும்."

"தெரியும் சார்."

மஞ்சள் நீக்கக் குழு அவசரமாகக் கூடியது. வண்ண அலுவலரின் முடிவு இறுதியானது என்று தாங்களே எழுதிக் கொடுத்திருந்ததால் அதை மறுக்க முடியவில்லை. நாலு மணிநேரம் விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள். படங்களில் பிழை இல்லை என்று சான்றளிக்கப்பட்டுவிட்டதால், இப்பகுதி வானத்தின் இயல்பான நிறம் மஞ்சள். இயல்பான ஒன்றைப் பற்றிய மனுக்கள் ஏற்கப்பட மாட்டா. இனித் திருத்தம் தேவைப்படாததால் வண்ண அலுவலர் பதவி ரத்து. பிரதிகள்: மனுதாரர், முன்னாள் வண்ண அலுவலர்.

மெஹ்னாஸ் தன் பிரதியை எடுத்துக்கொண்டு எண்ணூர் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். தபால் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் இரண்டாவது தடவையும் தன்னால் மூடிய மனுவைத் தபால்காரர் சொல்லி அங்கம்மா தெரிந்துகொள்வதை அவளால் நினைக்க முடியவில்லை.

அங்கம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். தீர்மானம் முழுவதையும் படிக்கச் சொன்னாள். மஞ்சள் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"வானம் மஞ்சாதான்னு எழுதிகீறானா?"

"ஆமாக்கா."

"கையெழுத்து போட்டுகீறானா?"

"ஏழு பேரும் போட்டிருக்காங்க. சீலும் இருக்கு."

"இருவத்தஞ்சு வருசமா வாயில சொல்லாதத எழுத்துல குட்த்துகீறானுங்களே. தா அத்த." வாங்கி, பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்தாள். "மீனவர் சங்கத்துல வக்கீலு ஒருத்தரு கீறாரு. அவரு பாக்கட்டும். இன்னா ஆவுதோ ஆவட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் மெஹ்னாஸின் முகத்தைப் பார்த்தாள். போகிற போக்கில் பார்க்கிற பார்வை இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னா இது, மூஞ்சில ரத்தமே இல்ல. நீ வெயில்லயே வர்றதில்லியா?"

மெஹ்னாஸ் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அங்கம்மா காலி ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். "குந்து. இந்த ரெண்டு கூடையும் தீந்ததும் எங்க வூட்டுக்குப் போவலாம்."

மெஹ்னாஸ் உட்கார்ந்தாள். எதிரே ரோட்டில் டேங்கர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் எல்லாம் மஞ்சளாக இருந்தது.